12½ அங்குலம் என்று எழுதினால் போதுமா? ஒரு குயில்ட் பிளாக் பரிமாற்றத்தைப் பிரித்துப் பார்த்தபோது

பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு பிளாக் (சின்னத் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்), எல்லாருக்கும் ஒரே நட்சத்திர டிசைன். எல்லாரும் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், ஆளுக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று என்று பிரித்துத் தருவார்கள். கடைசியில் உங்கள் கையில் பன்னிரண்டு பேர் கைபட்ட பன்னிரண்டு பிளாக் இருக்கும், இணைத்தால் ஒரு குயில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை. எங்கள் கில்டில் (குயில்ட் தைப்பவர்களின் சங்கம்) போட்ட திட்டம் இவ்வளவுதான். பரிமாற்றம் முடிந்து நாளாகியும் ஒரே ஒருவர்தான் குயில்டை முழுதாக முடித்திருந்தார், மற்றவர்கள் பிளாக்குகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தச் சுற்றில் நான் தைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாப் பிளாக்கையும் வாங்கி அளந்து, எங்கே கோணியது என்று எழுதித் தரும் வேலையை என்னிடம் விட்டார்கள். கில்டுக்குக் கொடுத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி பரிமாற்றம் நடத்தப் போகிறவர்களுக்கு உதவும். யார் பெயரும் வராது.

விதித்தாளில் இருந்தது

டிசைன் சாடூத் ஸ்டார். நடுவில் ஒரு பெரிய சதுரம், நாலு மூலையிலும் சின்னச் சதுரம், நாலு பக்கமும் ஃப்ளையிங் கீஸ் என்கிற முக்கோணத் துண்டு, அதிலிருந்துதான் நட்சத்திரத்தின் எட்டு முனையும் வரும். ஆரம்பநிலைக்காரரும் தைக்கலாம், ஆனால் முனை கூர்மையாக வந்ததா மழுங்கியதா என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பரிமாற்றத்துக்குக் கொஞ்சம் துணிச்சலான தேர்வு என்றுதான் சொல்வேன்.

விதித்தாளில் நாலே வரி. தைத்த பிளாக் 12½ அங்குலச் சதுரம் (எல்லாவற்றையும் இணைத்த பிறகு 12 நிற்கும்). பின்னணி வெள்ளை, நட்சத்திரம் நீலம். நூறு சதவீதப் பருத்தி. கடைசித் தேதி. கூடவே வெட்டும் அளவுகள்: நடுச்சதுரம் 6½, மூலைச் சதுரம் 3½, ஒரே தடவையில் நாலு கீஸ் எடுக்கும் முறைக்கு ஒரு 7¼ சதுரமும் நாலு 3⅞ சதுரங்களும்.

இந்த அளவுகளில் தப்பே இல்லை. 3½, 6½, 3½ கூட்டினால் 13½, இரண்டு தையலில் ஒரு அங்குலம் (ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டிலும் கால் அங்குலம் எடுக்கும்) போனால் 12½. கணக்கு சரி, தாளும் சரி, தைத்தவர்களில் பாதிப் பேர் பல வருடம் மெஷினில் உட்கார்ந்தவர்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வந்து சேர்ந்தது

நடுவில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். பத்துப் பேர் ஆளுக்குப் பன்னிரண்டு என்று 120 பிளாக் கொண்டுவந்தார்கள். அளந்தால் சின்னது 12 அங்குலம், பெரியது 12¾. ஒரே ஆள் தைத்த பன்னிரண்டும் பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தன, அதாவது குறைவாக வந்தவருக்கு எல்லாமே குறைவு, அதிகமாக வந்தவருக்கு எல்லாமே அதிகம். அன்று யாருக்கோ கை தடுமாறியது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொருவருடைய மெஷினும் ரூலரும் பழக்கமும் அவரவர் வீட்டுக்குள் ஒழுங்காக, மாறாமல் வேலை செய்திருக்கின்றன. தனியாகத் தைக்கும்போது இது தொந்தரவே இல்லை. எல்லாப் பிளாக்கும் 12¼ வந்தால் குயில்ட் கொஞ்சம் சின்னதாக முடியும், அவ்வளவுதான், யாருக்கும் தெரியப் போவதில்லை. பத்து வீட்டுப் பிளாக்கை ஒரே வரிசையில் வைக்கும்போதுதான் வினை.

கால் அங்குலம் எங்கே போகிறது

குயில்டில் எல்லாமே கால் அங்குலத் தையல் ஓரத்தை, அதாவது வெட்டிய ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவில் விடும் இடத்தை, நம்பித்தான் நிற்கிறது. தையல் ஓரம் கால் அங்குலத்தைவிட 1/16 அதிகமாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டால், பலர் 1/16 தானே என்பார்கள். ஒரு தையல் இரண்டு துண்டைப் பிடிக்கிறது, இரண்டிலும் 1/16 போகும், ஆக 1/8. இந்த நட்சத்திரத்தில் குறுக்கே இரண்டு தையல், ஆக 1/4. பிளாக் 12¼ ஆகிவிட்டது, இத்தனைக்கும் தைத்தவர் எங்கும் பிசகவில்லை.

இன்னொரு விஷயம், மெஷினில் கால் அங்குல ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) மாட்டிச் சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தாலும் பிளாக் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். தையலைத் திருப்பி அயர்ன் பண்ணும்போது அந்த மடிப்பே ஒன்றிரண்டு இழை அகலத்தைத் தின்றுவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கால் அங்குலத்தைவிட ஒரு நூல் குறைவாகவே ஓரம் விட்டுத் தைப்பார்கள். இது விதித்தாளில் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரியாதவர்கள் தாளில் போட்டபடி ஒழுங்காகத் தைத்துக் குறைவான அளவோடு வந்து நின்றார்கள்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துணிப்பட்டை வெட்டுங்கள், நீளத்தில் ஒன்றோடொன்று தைத்து அழுத்தி எடுங்கள். மொத்த அகலம் 3½ இருக்க வேண்டும், நடுப்பட்டை மிகச் சரியாக ஒரு அங்குலம் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஊசியை ஒரு படி நகர்த்திவிட்டு மறுபடி. பத்து நிமிட வேலை, பன்னிரண்டு பிளாக்கைக் காப்பாற்றும். ஊசியை நகர்த்த முடியாத மெஷின் என்றால் பிளேட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டு அதை ஒட்டித் துணியை ஓட்டலாம்.

கீஸ் விஷயம் தனி. 7¼-க்கும் 3⅞-க்கும் வெட்டித் தைத்தால் வரும் துண்டு மிகச் சரியாக 3½-க்கு 6½ வர வேண்டும், சீவிச் சரிசெய்ய ஒரு இழைகூட மிச்சம் கிடையாது. கொஞ்சம் தடித்த தையல் போட்டவருக்கு அது 3⅜-க்கு 6⅜ ஆக வந்தது. மேல் வரிசையில் இரண்டு மூலைச் சதுரமும் ஒரு கீஸும், அளவு 12⅜. நடு வரிசையில் இரண்டு பக்கமும் கீஸ், நடுவில் சதுரம், அளவு 12¼. ஒரே பிளாக்குக்குள் இரண்டு வரிசையும் இரண்டு அளவு! இப்போது அவர் என்ன செய்வார்? இழுத்துப் பொருத்துவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். அந்தப் பிளாக்கை மேசையில் வைத்தால் படியாது, நடுவில் லேசாக உப்பிக்கொண்டு நிற்கும். பார்ப்பவர் இவருக்கு அயர்ன் பண்ணத் தெரியவில்லை என்பார், உண்மையில் கோளாறு அதற்கு மூன்று கட்டம் முன்னால் நடந்திருக்கிறது.

12¾ வந்த பிளாக்குகளுக்குக் காரணம் வேறு. நாலு கீஸ் முறையில் பெரிய முக்கோணத்தின் நீளமான ஓரம், அதாவது பிளாக்கின் வெளிப்பக்கம் வரும் ஓரம், நேர் நூலில் (துணியின் இழை ஓடும் திசையில்) விழும். இவர் கையில் ஏற்கெனவே வெட்டி வைத்த முக்கோணங்கள் இருந்தன, மிச்சத் துணியை வீணாக்க வேண்டாமே என்று அதைப் பயன்படுத்திக்கொண்டார். அவை சதுரத்தை மூலைக்கு மூலை இரண்டாக வெட்டியவை, நீள ஓரம் கிராஸில் (இழைக்குச் சாய்வாக) இருக்கும். கிராஸ் துணி இழுத்தால் வரும், நீராவி அயர்னை அதன் மேல் தள்ளித் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். நாலு பக்கமும் அலை அலையாக நின்றது. அயர்னைத் தூக்கி வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இங்குமங்கும் ஓட்டக் கூடாது என்று எல்லாரும் சொல்வதுதான், ஆனால் ஓரம் நேர் நூலில் இருந்தால் ஓட்டினாலும் இவ்வளவு மோசமாகாது.

ஒதுக்கி வைத்த பன்னிரண்டு

பிரித்துக் கொடுக்கும் நாளிலேயே ஒருவருடைய பிளாக்குகளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ரூலர் வைத்தால் ஒரு பக்கம் 12½, இன்னொரு பக்கம் 12⅝, மூலையில் வேறு என்னவோ. ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. அவர் குழுவுக்குப் புதியவர், மெஷினே தொடாதவர், முழுக்கக் கையால் தைக்கிறவர். முகம் சுருங்கிப் போய், "என்னோடதை எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்க அக்கா, மத்தவங்களுக்கு வேண்டாம்" என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அந்தப் பன்னிரண்டையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கம் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் தையல் கோடு வரைந்திருந்தது, வெளி ஓரத்திலும் கோடு இருந்தது. கையால் தைப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள். அட்டையில், தைத்து முடிந்தபின் துண்டு நிற்க வேண்டிய அளவுக்கு வார்ப்புரு வெட்டி, துணியில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, வெளியே சுமாராகக் கால் அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டிக்கொள்வார்கள். தைப்பது கோட்டின் மேல். வெளியே விட்ட ஓரம் கால் அங்குலமா, கொஞ்சம் கூடவா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. மெஷின்காரர்களுக்கு நேர் எதிர், வெட்டிய ஓரம்தான் எல்லாம், ஏனென்றால் ஃபுட் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

கோட்டிலிருந்து கோட்டுக்கு அளந்தேன். நாலு பக்கமும் 12. எல்லாப் பிளாக்கிலும் 12. வந்த 120 பிளாக்கில் மிகத் துல்லியமானவை இவை, எட்டு முனையும் ஊசி மாதிரி. தூக்கிப் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்த பன்னிரண்டும்தான் அவை.

இது எனக்குப் பல நாள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் "12½ அங்குலச் சதுரம்" என்று எழுதியபோது, அளப்பது வெட்டிய ஓரத்திலிருந்து என்று எழுதியவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். அவருக்கு வேறு வழி இருப்பதாகவே தோன்றியிருக்காது. கைத்தையல்காரர் படித்தபோது இணைத்த பிறகு 12 என்ற அடைப்புக்குறி வரியைத்தான் பிடித்துக்கொண்டார், அவர் உலகத்தில் அதுதான் அளவு. இரண்டு பேரும் தாளை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள். என் முடிவு இதிலிருந்துதான் வந்தது: பரிமாற்றத்தில் அளவை எழுதினால் மட்டும் போதாது, அதை எங்கிருந்து எங்கே, எந்தக் கட்டத்தில், எதை வைத்து அளப்பது என்பதையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். திறமையைப் பற்றிப் பேசுவதெல்லாம் அப்புறம்.

வெள்ளை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பளீர் வெள்ளை, பால் வெள்ளை, க்ரீம், வெள்ளை மேல் வெள்ளைப் பூ அச்சு, ஒருவரிடம் சாம்பல் சாயல் ஓடிய ஒன்று. பத்துப் பேர், ஏழெட்டு வெள்ளை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வெள்ளைதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்கான மாதிரி இருக்கும். நீலத்தில் யாருக்கும் புகார் இல்லை, அங்கே வித்தியாசம்தான் அழகு. பின்னணியில் அப்படி இல்லை. பின்னணித் துணியை ஒருவரே ஒரே உருளையிலிருந்து மொத்தமாக வாங்கி வெட்டிக் கொடுப்பதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

துவைத்த துணி, துவைக்காத துணி என்பதும் இதோடு சேர்ந்தது. பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று நாலு சுருங்குவது சாதாரணம், 12 அங்குலத்தில் அது மூன்றில் ஒரு அங்குலத்துக்கு மேல். பாதிப் பிளாக் துவைத்த துணியில், பாதி துவைக்காததில் என்றால் குயில்டை முதல் முறை துவைக்கும்போது அங்கங்கே சுருட்டிக்கொள்ளும். அதோடு அடர் நீலம் சாயம் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளையும் சேர்ந்து போகும். இரண்டில் எது என்று தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இரண்டு பேர் விலகியதும் வந்த சிக்கல்

இது துணியில் வந்த சிக்கல் இல்லை, மனிதர்களிடம் வந்தது. அதனாலேயே கில்டுக்குக் கொடுத்த அறிக்கையில் இதைச் சுருக்கமாக எழுதியிருந்தேன், இங்கே கொஞ்சம் தாராளமாக.

பன்னிரண்டு பேர் பத்தாகிவிட்டார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கும் (தனக்கும் சேர்த்து) ஒன்று கொடுத்தால், ஒவ்வொருவரிடமும் இரண்டு மிச்சம். மொத்தம் இருபது. ஆளுக்குப் பத்துப் பிளாக்கை வைத்து மூன்றுக்கு நாலு அமைப்பு வராது, ஆகவே மிச்ச இருபதையும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்தால் எல்லாருக்கும் பழையபடி பன்னிரண்டு. கணக்கு அழகாக விழுந்தது. ஆனால் யாருடைய மிச்சம் யாருக்கு? நன்றாகத் தைப்பவர் என்று பெயர் வாங்கிய ஒருவரின் மிச்ச இரண்டை எல்லாரும் கேட்டார்கள். கைத்தையல்காரருடைய மிச்சத்தை அன்று யாரும் கேட்கவில்லை. அலை அலையாக இருந்ததை வாங்கியவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பையில் போட்ட விதத்திலேயே தெரிந்ததாம்.

கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதல் நாளே சொல்லியிருந்தால் அது விதி, பிளாக்குகளைப் பார்த்த பிறகு சொன்னால் சமாதானம். ஆள் விலகினால் மிச்சம் எப்படிப் போகும் என்பது ஆட்கள் சேரும்போதே எழுத வேண்டியது. விலகாத பரிமாற்றத்தை நான் பார்த்ததில்லை. உடம்புக்கு முடியாமல் போகும், வீட்டில் ஏதாவது வரும், மெஷின் நின்றுபோகும், யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு பேர் விலகியதைவிட, விலகுகிறோம் என்று கடைசி வாரம் வரை சொல்லாமல் இருந்ததுதான் தொந்தரவு. அதற்கும் காரணம் இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு பிளாக் என்பது பெரிய வேலை, ஒரு பிளாக்குக்குப் பதினேழு துண்டு என்று எண்ணிப் பார்த்தால் இருநூற்று நாலு துண்டு. ஐந்தோ ஆறோ தைத்து வைத்துக்கொண்டு, முடித்துவிடலாம் முடித்துவிடலாம் என்று இருந்திருக்கிறார்கள். பாதியைக் கொண்டுவந்து கொடுக்கலாமா என்று கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்டிருந்தால் பதில் சொல்லத் தாளிலும் வழியில்லை.

முடித்த அந்த ஒருவர்

அவருக்குக் கிடைத்த பன்னிரண்டில் 12-ம் இருந்தது, 12¾-ம் இருந்தது. பெரியதைச் சீவிச் சின்னதற்குச் சமமாக்கலாம் என்றால் முனைகள் போய்விடும். முனைக்கும் பிளாக் ஓரத்துக்கும் நடுவில் கால் அங்குலம் இருக்க வேண்டும், அதற்குள் கத்தி வைத்தால் இணைக்கும்போது நட்சத்திரம் மொட்டையாகிவிடும். 1/8 வித்தியாசம் என்றால் வேறு வழி இருக்கிறது: பெரிய பிளாக்கை அடியில், மெஷின் பல் இருக்கும் பக்கம் வைத்து நிறைய ஊசி குத்தித் தைத்தால், பல் அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இழுத்துக்கொள்ளும், மிச்சம் கரைந்துவிடும். முக்கால் அங்குலத்துக்கு அது நடக்காது.

அவர் எல்லாப் பிளாக்குக்கும் சுற்றிலும் ஒன்றரை அங்குலப் பட்டை தைத்தார். மிகச் சின்னதான 12 அங்குலப் பிளாக் அப்போது 14 ஆகும், பெரியது 14¾. பிறகு எல்லாவற்றையும், பிளாக்கை நடுவில் நிறுத்தி, 14-க்குச் சீவினார். எல்லாம் ஒரே அளவு! சின்ன பிளாக்கைச் சுற்றி ஒரு அங்குலம் பட்டை தெரியும், பெரியதைச் சுற்றி 5/8 தெரியும், நட்சத்திரம் ஒன்றிலும் கத்தி படவில்லை. மூன்றுக்கு நாலு வைத்து இணைத்த பிறகு அளவு 40½-க்கு 54 அங்குலம், மடியில் போர்த்திக்கொள்ள நல்ல அளவு.

இதில் எனக்குப் பிடித்தது பட்டைக்கு அவர் எடுத்த துணி. வெள்ளைப் பட்டை போட்டால் அகல வித்தியாசம் தெரியாது, நட்சத்திரம் மிதக்கிற மாதிரி அழகாகவும் இருக்கும், பலர் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் இவர் கையில் ஏழெட்டு வெள்ளை. புதிதாக ஒரு வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் மற்ற எல்லாமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அடர் நீலத்தில் நெருக்கமான சின்ன அச்சுத் துணியை எடுத்தார். அச்சின் கூட்டத்தில் ஒரு அங்குலமா 5/8-ஆ என்பது கண்ணுக்குப் படவில்லை, வெள்ளைகளும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. க்ரீம் ஒன்றே ஒன்று இருந்தால் தப்பு மாதிரி தெரியும் என்று அதைப் பெற்றிருந்த வேறு இரண்டு பேரிடம் கேட்டு மாற்றி வாங்கி, மூன்று க்ரீமை மூன்று மூலைக்குப் பிரித்து வைத்தார். வேண்டுமென்றே வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் பெரிய தையல்காரர் இல்லை. முதலில் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டார், பிறகுதான் முடிவெடுத்தார். மற்றவர்கள் இரண்டு பிளாக்கை இணைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது சுற்று

அடுத்த சுற்றுக்கான கூட்டத்தில் வழக்கம்போல இரண்டு கட்சி. திறமை பார்த்து ஆளைச் சேர்க்க வேண்டும் என்று ஒன்று, இது நட்புக்காகச் செய்வது, வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இன்னொன்று. இரண்டுமே என் அளவீட்டுக்குப் பொருந்தவில்லை. நான் அங்கே எய்ட்ஸ் நினைவு குயில்டைச் சொன்னேன். 1987 அக்டோபர் 11-ஆம் தேதி வாஷிங்டன் நேஷனல் மாலில் முதன்முதலாக விரித்தபோது 1,920 பேனல்கள் இருந்தன. தைத்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தையல் தொழிலே இல்லை, எய்ட்ஸில் இறந்தவர்களின் நண்பர்கள், குடும்பத்தார். துணி எதுவாகவும் இருக்கலாம், படம் எதுவாகவும் இருக்கலாம், பேனல் மட்டும் மூன்று அடிக்கு ஆறு அடி. எட்டுப் பேனல் சேர்ந்தால் பன்னிரண்டு அடிச் சதுரம். ஒன்றை மட்டும் கறாராகப் பிடித்து மற்றதை விட்டுவிட்டதால்தான் அவ்வளவு பேர் கையும் அதில் சேர முடிந்தது.

அதற்கும் முன்னால், 1840-களில் அமெரிக்காவின் பால்டிமோர் பக்கம் பேர்போன ஆல்பம் குயில்ட்களும் இப்படிப் பல கை சேர்ந்தவைதான், பிளாக்கில் மையால் பெயர் எழுதியிருப்பார்கள். அவை பெரும்பாலும் அப்ளிக், அதாவது முழுச் சதுரத் துணி மேல் பூவும் இலையும் வெட்டித் தைப்பது. அதில் குறுக்கே தையலே கிடையாது, பிளாக்கின் அளவு என்பது பின்னணித் துணியின் அளவு. கொஞ்சம் பெரியதாக வெட்டித் தைத்து, கடைசியில் சீவிக்கொள்ளலாம். பரிமாற்றத்துக்கு இதைவிடத் தோதானது இல்லை, ஆனால் எங்கள் கில்டில் பாதிப் பேர் அப்ளிக் என்றால் எழுந்து ஓடுவார்கள் என்பதால் அது அன்று எடுபடவில்லை.

நட்சத்திரமே தொடர்ந்தது, தாள் மட்டும் மாறியது. பின்னணித் துணியை ஒருவர் வாங்கி, துவைத்து, வெட்டிப் பொட்டலமாகக் கொடுத்தார். பொட்டலத்தில் மூன்று ஒன்றரை அங்குலப் பட்டையும் இருந்தது, தைத்து ஒருங்கிணைப்பாளரிடம் காட்டிய பிறகுதான் மற்றது. கீஸுக்கு 7¼, 3⅞ போய் 7½, 4 வந்தது, பெரியதாகத் தைத்து 3½-க்கு 6½ ஆகச் சீவிக்கொள்ளலாம். சீவும்போது முனைக்கு மேலே கால் அங்குலம் விட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். முதல் பிளாக்கை முடித்ததும் கொண்டுவந்து காட்ட வேண்டும், மிச்சத்தைப் பிறகு தைக்கலாம். கையால் தைப்பவர்கள் வெளிக்கோட்டை அழியாமல் வைத்திருக்க வேண்டும், அவர்களுக்கு அளவு கோட்டுக்குக் கோடு 12, வாங்குபவர் கோட்டிலிருந்து கால் அங்குலம் விட்டுச் சீவிக்கொள்ள வேண்டும். ஆறு ஆறு பேராக இரண்டு குழு, ஆளுக்கு ஆறு பிளாக் மட்டும். பாதி தைத்தவர் பாதியைக் கொடுக்கலாம், கொடுத்த எண்ணிக்கைக்கு வாங்கலாம்.

எல்லாம் 12½-ஐ ஒட்டியே வந்தன, 1/8-க்கு மேல் எதுவும் விலகவில்லை. முதல் பிளாக்கிலேயே பிடித்துவிட்டதால் இரண்டு பேர் ஊசி நிலையை மாற்றிக்கொண்டார்கள், அதில் ஒருவர் முதல் சுற்றில் எல்லாரும் தேடிய அந்த நல்ல தையல்காரர். குயில்டும் பலர் முடித்துவிட்டார்கள்.

ஒன்று குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றுப் பிளாக்கைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். இரண்டாவது சுற்றில் பெயரைப் பார்த்தால்தான் தெரிகிறது. வெள்ளையை ஒன்றாக்கியது அளவுக்காக இல்லை, கண்ணுக்காக, அதில் கொஞ்சம் விட்டுப்பிடித்திருக்கலாமோ என்று எனக்கு இப்போது படுகிறது. முதல் சுற்றில் முடித்தவரின் குயில்டில் இருக்கிற உயிர் பாதி அந்த ஏழெட்டு வெள்ளையிலும்தான் இருக்கிறது. அளவைக் கறாராகப் பிடிப்பது வேறு, எல்லாவற்றையும் பிடிப்பது வேறு. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம், பொட்டலம் கட்டியவர் அவர்தான்.

மூன்றாவது சுற்றுக்கு அப்ளிக் மறுபடி பேச்சில் வந்திருக்கிறது, கொண்டுவந்தவர் கைத்தையல்காரர். எழுந்து ஓடுவார்கள் என்று நான் நினைத்தவர்களுக்கு அவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாராம். டிசைன் இன்னும் முடிவாகவில்லை, பின்னணி அவரவர் விருப்பம். தாளில் இதுவரை எழுதியிருப்பது: பின்னணியை 13½ அங்குலச் சதுரமாக வெட்டவும், படம் நடுவில் 10½-ஐத் தாண்டக் கூடாது, ஓரத்தை யாரும் சீவ வேண்டாம், வாங்குபவர் தன் ரூலரை வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் 12½-க்குச் சீவிக்கொள்வார்.